முளைச்ச உள்ளியைப் பத்தியக்கறிக்குப் போடலாமோ?

தம்பி, நீங்கள் எழுதினதை ரண்டு தரம் வாசிச்சனான். மனுசிக்குப் பிள்ளை பிறந்து 9 நாள், மாமி பத்தியக்கறிக்கெண்டு யாழ்ப்பாணத்துத் திண்ணவேலிச் சந்தையில ஒரு கிலோ உள்ளி, அதுதான் வெள்ளைப்பூண்டு, வாங்கிக்கொண்டு வந்தவா, நீங்கள் பழுதாப் போகக்கூடாதெண்டு அதைச் சொப்பிங் பாக்கோடயே ஃபிரிட்ஜுக்க வச்சிட்டியள், இப்ப பாத்தா அரைவாசிக்கு மேல பச்சை முளை எட்டிப் பாக்குது. மாமி "முளைச்சது நஞ்சு, கொண்டுபோய் எறி" எண்டுறா, நீங்கள் உள்ளி விக்கிற விலைக்கு எறிய மனமில்லாமல் இதைச் சமைச்சால் ஏதும் செய்யுமோ எண்டு கேக்கிறியள். எனக்கு விளங்கின மட்டில உங்கட கேள்வி உள்ளியைப் பற்றினதில்லை. பச்சை உடம்புக்காரிக்கு இதைக் குடுத்து அவவுக்கோ பால் குடிக்கிற பிள்ளைக்கோ ஏதும் வந்திடுமோ எண்ட பயம்தான் கேள்வி, முளை ஒரு சாட்டு.

பிள்ளை பிறந்த வீட்டில ஒருத்தருக்கும் நீட்டுக்கு வாசிக்க நேரம் இராது, அதால பதிலை முதல்ல சொல்லிப்போட்டு பேந்து விளக்கத்துக்கு வாறன். உள்ளி முளை நஞ்சில்லை. முளைச்ச உள்ளியைச் சமைக்கலாம், பத்தியக்கறிக்கும் போடலாம். ஆனா அந்த ஒரு கிலோவையும் அப்பிடியே அள்ளிப் போடேலாது, உடைச்சு பல்லுப் பல்லாப் பாக்கோணும். முளைச்ச குற்றத்துக்காக எறிய வேண்டியது ஒண்டுமே இல்லை. பூஞ்சணம் பிடிச்சதுக்கும் அளிஞ்சதுக்குமாக எறிய வேண்டியது கட்டாயம் கொஞ்சம் இருக்கும், ஏனெண்டா நீங்கள் அதைப் பிளாஸ்டிக் பையோட எல்லோ வச்சிருக்கிறியள்.

நான் டொக்டர் இல்லை. 27 வருசம் பள்ளிக்கூடத்தில மனைப்பொருளியல் படிப்பிச்சு ரிட்டயர் ஆனனான். எங்கட ஐயா வெங்காயத் தோட்டக்காரர், அதால வெங்காயம், உருளைக்கிழங்கு, உள்ளியெல்லாம் எப்பிடிக் கெடும், எப்பிடிக் கெடாமல் வைக்கலாம் எண்டது எனக்குப் பாடப்புத்தகத்துக்கு முந்தியே வீட்டுக் கதை. எங்கட ஒழுங்கையில கன பிள்ளைப்பெறுகளுக்குப் பத்தியச் சரக்கு இடிச்சுக் குடுத்த கை இது. ஆக குசினிக்க நடக்கிறதைப் பற்றித் துணிஞ்சு சொல்லுவன், மருந்து மாத்திரையோட முட்டுற விசயத்தில மட்டும் என்னைக் கேக்காமல் ஆஸ்பத்திரியில கேளுங்கோ, அது எவடம் எண்டு கீழ சொல்லுறன்.

மாமியைப் பிழை சொல்லாதேங்கோ. அவா சொல்லுறது வேற ஒரு சாமானுக்கு நூற்றுக்கு நூறு சரி. உருளைக்கிழங்கு முளைச்சால், தோல் பச்சை பிடிச்சால், அதுக்க சொலனின், சக்கோனின் எண்டு ரண்டு நச்சுப் பொருள் கூடும், அது முளையிலயும் பச்சைத் தோலிலயும்தான் கனக்க இருக்கும், அவிச்சாலும் பொரிச்சாலும் லேசில போகாது, கூடச் சாப்பிட்டால் வாந்தி, வயித்தாலடி, தலையிடி எல்லாம் வரும். எங்கட பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டம் செய்த ஆக்கள், அந்தக் காலத்து மனுசர் இதைக் கண்ணால கண்டு பழகினவை, அதால "முளைச்சது கூடாது" எண்டு ஒரே வரியா மனதில பதிஞ்சு போச்சு. ஆனா உருளைக்கிழங்கு கத்தரிக்காய், தக்காளி, மிளகாய் இதுகளின்ர சாதி. உள்ளி வெங்காயச் சாதி. அந்த நஞ்சு உள்ளிக்க இல்லை, முளைச்சாலும் வராது. உள்ளி முளையில நீங்கள் காணுற பச்சை, வெளிச்சம் பட்ட எந்த இலைக்கும் வாற பச்சைதான். முளைச்ச வெங்காயத்தை ஆராவது எறியினமே? வெங்காயத்தாள் எண்டு வறுத்தெல்லோ தின்னுறம்.

ஒரு உள்ளிப் பல்லை நெடுக்கா ரண்டாப் பிளந்து பாருங்கோ, முளைக்காத பல்லெண்டாலும் பரவாயில்லை. நடுவில வெளிறின நிறத்தில ஒரு குருத்து இருக்கும். அது புதுசா வந்ததில்லை, தோட்டத்தில கிண்டேக்கயே அது உள்ளுக்க இருந்தது. பல்லெண்டு நாங்கள் சொல்லுறதே ஒரு மொட்டும், அந்த மொட்டுக்குக் கட்டிக்குடுத்த சோத்துப் பொதியும்தான். கிண்டிக் காயவச்ச பிறகு கொஞ்சக் காலம் நித்திரை கொள்ளும், நித்திரை முறிஞ்ச உடன குருத்து அந்தப் பொதியைத் தின்னத் தொடங்கும், பச்சையா வெளியால வரும். அதால நீங்கள் இவ்வளவு நாளும் சாப்பிட்ட எல்லா உள்ளியிலயும் முளையையும் சேத்துத்தான் சாப்பிட்டனீங்கள், அது சின்னனா இருந்தது, கண்ணில படேல்லை, அவ்வளவுதான். பனங்கொட்டையைப் பாத்தியில அடுக்கி முளைக்க விட்டு, கிழங்கைக் கிண்டி அவிச்சுத் தின்னுற சனம் நாங்கள். முளைச்ச கொட்டையை வெட்டினால் உள்ளுக்க வாற பூரானுக்கு, அந்த வெள்ளைச் சதைக்கு, பிள்ளையள் அடிபடுறதை நினைச்சுப் பாருங்கோ. (இதை வச்சு முளைக்கிறது எல்லாம் நல்லதெண்டு எடுத்துப்போடாதேங்கோ, உருளைக்கிழங்கு அதுக்குத்தான் சாட்சி. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனிக் கதை.)

சரி, நஞ்சில்லை எண்டால் வித்தியாசமே இல்லையோ எண்டால், இருக்கு. ருசியில இருக்கு. குருத்துத் தின்னத் தின்ன பல்லு வத்தும், நீர் குறையும், இனிப்புக் குறையும். உள்ளியில தண்ணியை எடுத்துப்போட்டுப் பாத்தால் மிச்சத்தில பெரிய பங்கு ஃபிரக்டான் எண்ட ஒரு வகை மாச்சத்துத்தான், மெல்லிய நெருப்பில நெடுநேரம் வேகவிட்டால் உள்ளி வெண்ணெய் மாதிரிக் கரைஞ்சு இனிக்கிறதுக்கு அதுதான் முக்கிய காரணம். முளை அதைத்தான் செலவழிக்கிறது. பச்சை முளைக்கு ஒரு காரமும் கைப்பும் இருக்கு, பச்சையாக் கடிச்சால் நாக்கில நிக்கும், கறிக்க கொதிச்சால் காணாமல் போயிடும். இதை நான் வகுப்பில செய்து காட்டியிருக்கிறன். முளைச்ச உள்ளியை முளையோட இடிச்சு ஒரு ரசம், முளைக்காததில ஒரு ரசம், எது எதெண்டு சொல்லாமல் பிள்ளையளுக்குக் குடிக்கக் குடுத்தனான், ஒரு பிள்ளையும் உறுதியாச் சொல்லேல்லை, ரண்டு பேர் மாறிச் சொல்லிச்சினம். பேந்து அதே உள்ளியைப் பச்சையா உப்போட அரைச்சு தயிருக்க கலந்து குடுத்தன், முகத்தைச் சுழிச்ச விதத்திலயே விளங்கிப்போச்சு. இதை ஆராய்ச்சி எண்டு சொல்ல வரேல்லை, ஒரு வகுப்பறையில ஒரு நாள் நடந்தது. ஆனா பிறகு வீட்டில எத்தினையோ தரம் சமைச்சதிலயும் எனக்கு வேற மாதிரி வரேல்லை.

அதால பச்சையாப் போடுற இடத்தில முளையை எடுத்துவிடுங்கோ, இப்ப பெடியள் கிறில் சிக்கனுக்கு அடிக்கிற அந்த வெள்ளைச் சோஸ், தயிர்ப் பச்சடி, அப்பிடியானதுகள். எடுக்கிறது ஒரு வேலையே இல்லை, பல்லை நெடுக்கா வெட்டினால் கத்தி நுனியால ஒரு தட்டு, முழுசா வந்திடும். ரசம், சொதி, பருப்பு, மீன்குழம்பு, இறைச்சிக்கு அரைச்சுப் போடுற கூட்டு இதுகளுக்கு எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. முழுப்பல்லாப் போடுற உள்ளிக் குழம்பு, அந்தப் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் விட்டு வைக்கிறது, அதுக்கு மட்டும் முளைச்சதைப் போடாதேங்கோ. நஞ்செண்டில்லை, வத்தின பல்லு எவ்வளவு நேரம் நல்லெண்ணெயில வதக்கினாலும் மெழுகு மாதிரி வராது, நடுவில குருத்து நார் மாதிரிக் கடிபடும், நல்ல குழம்பைக் கெடுத்த மாதிரிப் போயிடும். பொரிக்கிறதுக்கும் கவனம், வத்தின பல்லில தண்ணி குறைவு, தாளிதத்துக்க போட்டால் கண்மூடி முழிக்கிறதுக்குள்ள கருகும், கருகின உள்ளி முளையை விடக் கைக்கும்.

உங்கட வீட்டில இப்ப ஓடுறது பத்தியக்கறி, அது முளைச்ச உள்ளிக்கெண்டே அமைஞ்ச கறி மாதிரி. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் சேத்து அரைக்கிற சரக்குக்க உள்ளியும் அரைபடுகுது, பேந்து சின்ன மீனோடயோ முருங்கைக்காய் கத்தரிப்பிஞ்சோடயோ நல்லாக் கொதிக்குது. மிளகும் வேர்க்கொம்பும் நிக்கிற இடத்தில உந்த முளையின்ர கைப்பு வாயைத் திறக்காது. வத்தின பல்லுக்குப் பலம் குறைவெண்டு நினைச்சால் 5 பல்லுப் போடுற இடத்தில 7 போடுங்கோ. எங்கட அம்மம்மா உள்ளியைத் தோலோட அம்மியில தட்டித்தான் ரசத்துக்குப் போடுவா, முளை இருக்கோ எண்டு அவா பாத்ததை நான் காணேல்லை. ஒண்டு மட்டும், இடிச்ச உடன சட்டிக்க போடாமல் ஒரு 10 நிமிசம் விடுங்கோ. உள்ளி முழுசா இருக்கேக்க அந்த மணம் இராது, கவனிச்சிருப்பியள். அல்லியின் எண்ட பொருளும் அல்லினேஸ் எண்ட நொதியமும் பல்லுக்க தனித்தனி அறையில இருக்கும், இடிபடேக்க சுவர் உடைஞ்சு ரண்டும் சேர அல்லிசின் உண்டாகும், அந்த அல்லிசினை 1944ல கவலிட்டோ, பெய்லி எண்ட ரண்டு அமெரிக்கர் பிரிச்செடுத்தவை. சூடு பட்டால் அந்த நொதியம் செத்துப்போகும். இடிச்சு ஆற விட்டால் அது தன்ர வேலையை முடிச்சிருக்கும், பேந்து கொதிக்க விட்டாலும் கொஞ்சமாவது மிஞ்சும். முழுப்பல்லைக் கொதிதண்ணிக்க போட்டால் அந்த வேலை நடக்கிறதுக்கு முந்தியே நொதியம் செத்திடும். முளைச்சதுக்கும் முளைக்காததுக்கும் இது ஒண்டுதான்.

இப்ப அந்த ஒரு கிலோ. எல்லாத்தையும் சுளகில கொட்டி உடையுங்கோ. அமத்திப் பாக்கேக்க இறுக்கமா, வெள்ளையா, பாரமா இருக்கிறது நல்லது, முளை இருந்தாலும் நல்லது. சுருங்கி லேசாப் போனது, உள்ளுக்க முளை பெருத்துக் கிடக்கிறது, அது சரக்கு அரைக்க. தோலுக்க நீலப் பச்சையாப் பவுடர் மாதிரிப் படிஞ்சிருந்தாலோ, கறுத்தக் கரி மாதிரி இருந்தாலோ அது பூஞ்சணம், அந்தப் பல்லை முழுசா எறியுங்கோ, பழுதான இடத்தை மட்டும் வெட்டிப்போட்டு மிச்சத்தை எடுக்கிற வேலை வேண்டாம், பச்சை உடம்புக்காரிக்குச் சமைக்கேக்க இதில கஞ்சத்தனம் பாக்காதேங்கோ. வெளித்தோலில மட்டும் கொஞ்சம் கறுப்பு இருந்து, உரிச்சால் உள்ளுக்க பல்லு சுத்தமா இறுக்கமா இருந்தால் அது சரி, உரிச்ச கையைக் கழுவிப்போட்டுப் பாவியுங்கோ. நெகிழ்ந்து கண்ணாடி மாதிரி மஞ்சளா, பிசுபிசுப்பா இருக்கிறதும் குப்பைக்கு. மணந்து பாக்கிறது நல்ல பழக்கம், புளிச்ச மணம், ஊத்தை மணம் வந்தால் கதையே இல்லை. எறியிறதை வளவில நாய்க்கு எட்டுற மாதிரி எறியாதேங்கோ, வெங்காயமும் உள்ளியும் நாய்க்கும் பூனைக்கும் இரத்தத்தைக் கெடுக்கும், இது கன பேருக்குத் தெரியாது.

ஏன் முளைச்சது எண்டு கேக்கேல்லை, ஆனா இதுதான் உங்களுக்கு நாளைக்கும் உதவுற விசயம். உள்ளிக்கு நித்திரை முறியிற வெப்பநிலை எண்டு ஒண்டு இருக்கு, அது 5 பாகையில இருந்து 18 பாகை வரைக்கும். அதுக்குக் கீழ, 0 பாகையில, காஞ்ச காத்தோட்டத்தில வச்சால் 9 மாசம் வரைக்கும் படுத்திருக்கும், அது பெரிய குளிர்க்களஞ்சியங்களில செய்யிற வேலை. 20க்கும் 30க்கும் இடையில, ஈரமில்லாத இடத்தில ஒரு மாசம் ரண்டு மாசம் இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் 4, 5 பாகையில நிக்கும், கதவுத் தட்டில இன்னும் கொஞ்சம் கூட. பாருங்கோ, எது கூடாதோ அந்த இடத்துக்கே கொண்டுபோய் வச்சிருக்கிறியள். குளிர்காலம் முடிஞ்சுது, வெளிக்கிடு எண்டு அதுக்குச் சிக்னல் குடுத்த மாதிரி. உள்ளி குளிர் நாட்டுப் பயிர், குளிரைத் தாண்டித்தான் அது வளரும், ஃபிரிட்ஜ் எண்டு அதுக்குத் தெரியுமே? அதோட பிளாஸ்டிக் பைக்க வேர்த்து ஈரம் பிடிச்சிருக்கும், அது பூஞ்சணத்துக்கு விருந்து.

ஆனா முழுப்பழியும் உங்கட தலையில இல்லை. இஞ்ச சந்தையில வாறது பெரும்பாலும் சீனாவில இருந்து இறக்குமதியாகிற உள்ளி. அங்க அவை ஆவணி, புரட்டாதிக்குப் பிறகு நட்டு, வைகாசி, ஆனி போல கிண்டுறது, அதுக்குப் பிறகு குளிரறையில வச்சு வருசம் முழுக்க அனுப்புறது. தையிலயோ மாசியிலயோ நீங்கள் "இண்டைக்கு வாங்கின புது உள்ளி" எண்டு கொண்டு வாறது உண்மையில 7, 8 மாசம் பழசு, குளிரறையை விட்டு வெளியால வந்த நாளில இருந்தே நித்திரை கலைஞ்சிருக்கும், எங்கட வெக்கைக்கு ரண்டு கிழமை காணும். கடைக்காரர் ஏமாத்திப்போட்டார் எண்டு சண்டைக்குப் போகேலாது, அவருக்கும் தெரியாது. வாங்கேக்க ஒரு பல்லை உடைச்சு நகத்தால நடுவைக் கீறிப் பாருங்கோ, குருத்துப் பச்சை பிடிச்சிருந்தால் கால் கிலோவோட நிப்பாட்டுங்கோ. அடியில வேர் நுனி வெள்ளையாக் கிளம்பியிருந்தாலும் அதே கதைதான். பத்தியத்துக்கெண்டால் 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும் தேவைப்படும் எண்டு மாமி சேத்து வாங்கியிருப்பா, அது அவவின்ர அன்பு, ஆனா கிழமைக்குக் கிழமை வாங்கிறதுதான் புத்தி, சந்தை ஒண்டும் ஓடிப்போகாது.

மிச்சத்தை எங்க வைக்கிறதெண்டால், அடுப்புக்குக் கிட்ட இல்லாமல், வெயில் படாமல், காத்தோட்டமா, ஒரு சின்னக் கடகத்திலயோ வலைப்பையிலயோ. உருளைக்கிழங்கோட சேத்து வைக்காதேங்கோ, கிழங்கு விடுற ஈரம் உள்ளிக்குக் கூடாது. ஐயப்பசி, கார்த்திகை மாரிக்க எங்கட காத்தே ஈரம், அப்ப என்ன செய்தாலும் நெடுக நிக்காது. உரிச்ச பல்லெண்டால் அது வேற, அதை மூடின டப்பாவில ஃபிரிட்ஜுக்கதான் வைக்கோணும், ஒரு கிழமைக்குள்ள முடியுங்கோ. உங்கட மாதிரி நேரமில்லாத வீட்டுக்கு நான் சொல்லுறது, நல்லதாப் பிரிச்ச முளைச்ச பல்லெல்லாத்தையும் இண்டைக்கே உரிச்சு, தண்ணி விடாமல் அரைச்சு, ஐஸ் தட்டில தேக்கரண்டி அளவில உறையப்போட்டு வையுங்கோ. உறைஞ்சால் முளைக்காது. கறிக்கு ஒரு கட்டி எடுத்துப் போட வேண்டியதுதான்.

இஞ்சதான் ஒரு எச்சரிக்கை, முளையை விட இதுக்குத்தான் நான் பயப்பிடுறது. அரைச்ச உள்ளி பழுதாகாமல் இருக்கட்டும் எண்டு கன பேர் போத்தல்ல போட்டு மேல நல்லெண்ணெயை விட்டு குசினித் தட்டில வைக்கினம். நானும் வச்சனான், கனகாலம், யன்னலோரத்தில, வடிவா இருக்கும். அதை விட்டிட்டன். உள்ளி மண்ணுக்க விளையிறது, மண்ணில போட்டுலினம் எண்ட கிருமியின்ர வித்து இருக்கும், அந்த வித்துக்குக் காத்து இல்லாத இடம்தான் சொர்க்கம், எண்ணெய்க்க காத்து இல்லை, உள்ளியில புளிப்பும் இல்லை. நிறம் மாறாது, மணம் மாறாது, நஞ்சு மட்டும் ஊறும். 1985ல கனடாவின்ர வன்கூவரில ஒரு சாப்பாட்டுக்கடையில எண்ணெயில போட்ட உள்ளியால 36 பேருக்கு இந்த நோய் வந்தது. எண்ணெயில போட்டுத்தான் வைக்கோணும் எண்டால் ஃபிரிட்ஜுக்க வச்சு 4 நாளுக்குள்ள முடியுங்கோ. தேசிக்காய்ப்புளியும் உப்பும் நல்லா விட்ட ஊறுகாய் அப்பிடியில்லை, புளிப்பு அந்தக் கிருமியை எழும்ப விடாது. ஊறுகாய்க்க உள்ளி சிலவேளை நீலப் பச்சையா மாறும், அதைப் பாத்து ஆரும் பயந்திடாதேங்கோ, குளிரில கிடந்த உள்ளிக்குப் புளி பட்டால் கந்தகச் சேர்வையள் செய்யிற சித்து வேலை அது, சீனாவில வேணுமெண்டே வினாகிரியில போட்டுப் பச்சையாக்கிச் சாப்பிடுகினம்.

இனி பால் விசயம். தாய் சாப்பிட்ட உள்ளியின்ர மணம் பாலுக்கு வரும், இது நிச்சயம். 1991ல பிலடெல்பியாவில இருக்கிற மொனெல் நிலையத்தில பால் குடுக்கிற தாய்மாருக்கு உள்ளி மாத்திரை குடுத்துப் பாத்தவை, சாப்பிட்டு 2 மணித்தியாலம் போல பாலில மணம் உச்சத்துக்கு வந்து பேந்து குறைஞ்சது, பிள்ளையள் முகத்தைத் திருப்பும் எண்டு பாத்தால் வழமையை விடக் கூட நேரம் பால் குடிச்சுதுகளாம். எங்கட ஆச்சிமார் கேட்டால் சிரிப்பினம். ஆனா உள்ளி பாலைச் சுரக்கப்பண்ணும் எண்டு நாங்கள் சொல்லுறதுக்கு இது சாட்சியில்லை, அது வேற கேள்வி, அதை நிரூபிச்சது எண்டு நான் சொல்ல மாட்டன். பிள்ளை அடிக்கடி குடிச்சால் பால் சுரக்கும், அதுதான் உறுதியானது. உள்ளி கறிக்கு ருசி, தாய்க்கு வாய்க்குப் பிடிச்ச சாப்பாடு, அதுவே காணும். சில பிள்ளையள் தாய் உள்ளி கூடச் சாப்பிட்ட அண்டைக்கு வயித்தை முறுக்கிக்கொண்டு அழுகுதுகள் எண்டு தாய்மார் சொல்லுறவை, அதை நான் மறுக்கவும் இல்லை, எல்லாருக்கும் பொதுவாச் சொல்லவும் இல்லை, உங்கட பிள்ளை அப்பிடியெண்டால் ரண்டு நாள் குறைச்சுப் பாருங்கோ.

ஆஸ்பத்திரியில கேக்கச் சொன்ன இடம் இதுதான்: ஒப்பரேசன் செய்து பிள்ளை எடுத்து, இரத்தம் கட்டிபடாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ குடுத்து விட்டிருந்தால், பச்சை உள்ளியைக் கனக்க விழுங்கிறது, உள்ளி மாத்திரை போடுறது இதுகளை டொக்டரிட்டயோ வீட்டுக்கு வாற மிட்வைஃபிட்டயோ கேக்காமல் செய்யாதேங்கோ, உள்ளிக்கும் இரத்தத்தை இளக்கிற குணம் கொஞ்சம் இருக்கு. கறிக்குப் போடுற அளவு வேற, அதைச் சொல்லேல்லை.

இணையத்தில "முளைச்ச உள்ளி சாதாரண உள்ளியை விடப் பத்து மடங்கு மருந்து, மாரடைப்பைத் தடுக்கும்" எண்டு சுத்திக்கொண்டு வாற படங்களையும் நம்பி மாமியோட வாதாடாதேங்கோ. அதுக்கு மூலம் 2014ல கொரியாவில செய்த ஒரு ஆய்வு. 5 நாள் முளைக்க விட்ட உள்ளியின்ர சாறில ஒட்சியேற்றத்தைத் தடுக்கிற தன்மை கூட இருந்தது எண்டு கண்டவை, அது உண்மை, ஆனா அது ஆய்வுகூடத்தில சாறை வச்சுப் பாத்தது. ஒருத்தருக்கும் சாப்பிடக் குடுத்து நெஞ்சு வருத்தம் குறைஞ்சுதோ எண்டு பாத்ததில்லை. நஞ்செண்டு சொல்லுறதும் மருந்தெண்டு சொல்லுறதும் ரண்டும் கூடிப்போன கதை, அது வெறும் பழைய உள்ளி.

மாமிக்கு நீங்கள் இதெல்லாத்தையும் ஃபோனில வாசிச்சுக் காட்டினால் அவவுக்குக் கோவம்தான் வரும், மருமோன் படிப்பிக்க வெளிக்கிட்டிட்டார் எண்டு. முளைக்காத பல்லு ஒண்டையும் முளைச்ச பல்லு ஒண்டையும் அவவின்ர கையில குடுத்து பிளந்து பாக்கச் சொல்லுங்கோ, ரண்டுக்கையும் குருத்து இருக்கிறதைக் கண்டால் அவாவே மிச்சத்தைச் சொல்லுவா. பிரிக்கிற வேலையையும் அவவிட்டயே விடுங்கோ, அளிஞ்சதை மணத்திலயே பிடிக்கிற மூக்கு உங்களுக்கு இல்லை. முளை ஒரு விரல் நீளத்துக்கு மேல வந்து பல்லு சருகாப் போனதுகள் கொஞ்சம் மிஞ்சும், அதுகளை எறியாமல் ஒரு பழைய பேணியில அடியில ரண்டு ஓட்டை போட்டு, மண்ணும் சாணி எருவும் கலந்து, முளை மேல நிக்க ஊண்டி, குசினிப் படிக்குக் கிட்ட காலமை வெயில் படுற இடத்தில வையுங்கோ. எங்கட வெக்கைக்கு அடியில உள்ளி விளையும் எண்டு காத்திராதேங்கோ, அதுக்கு நல்ல குளிரும் நீளமான பகலும் வேணும், ஆனா தாள் வரும். இண்டைக்கு ஊண்டினால் துடக்குக் கழிஞ்ச மற்ற நாள் வெட்டி, சின்ன வெங்காயத்தோட முட்டைப்பொரியலுக்குப் போடுற அளவுக்கு வந்திடும்.